வீட்டு ஹை-ஃபைக்குத் தனி மியூசிக் சர்வர்: எதை வாங்குவது, எதற்காக வாங்குவது

உங்கள் கேள்வியின் சாரம் இதுதான். திருவான்மியூரில் மூன்றாவது மாடி வீடு. சுமார் 600 சிடிக்கள். பாதி கர்நாடக சங்கீதம், மீதி பெரும்பாலும் தமிழ்த் திரையிசை. இரண்டு ஹார்ட் டிஸ்க் நிறையக் கச்சேரிப் பதிவுகள், அப்பா சேர்த்து வைத்த கேசட்டுகள் ஒரு பெட்டி. நல்ல ஆம்ப், நல்ல ஸ்பீக்கர், யூஎஸ்பி டாக் (கணினி தரும் எண்களை ஒலிக்கான மின் அலையாக மாற்றும் கருவி) எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. லேப்டாப்பை டாக்கில் செருகிக் கேட்டு வருகிறீர்கள். கடைக்காரர் 3 லட்ச ரூபாய் சர்வர் ஒன்றைக் காட்டி, இதைப் போட்டால் சத்தமே வேறு மாதிரி ஆகிவிடும் என்கிறார். நண்பரோ ராஸ்பெர்ரி பை என்ற சின்னஞ்சிறு கணினி ஒன்று போதும் என்கிறார். யாரை நம்புவது?

நண்பர் சொல்வதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அவர் சொல்லாமல் விட்டதும் நிறைய உண்டு. சர்வர் வாங்குவதில் முக்கால்வாசி வேலை, மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதும் உங்கள் தொகுப்பை ஒழுங்கு செய்வதும்தான். பெட்டி எது என்பது அதற்குப் பிறகு தானாகவே முடிவாகிவிடும். கடைகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. முதலில் பெட்டியைக் காட்டுகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் அதற்குள் இருக்கும் செயலியில் தோடியைத் தேடினால் எதுவும் வருவதில்லை என்று தெரிகிறது.

முதலில் வேலைகளைப் பிரித்துக்கொள்வோம். சர்வர் என்பது பாட்டுக் கோப்புகளை வைத்திருந்து, அவற்றுக்கு ஓர் அட்டவணை தயாரித்து, கேட்டதை எடுத்து அனுப்பும் கணினி. ஸ்ட்ரீமர் என்பது அனுப்பியதை வாங்கி டாக்கிடம் கொடுக்கும் சிறு கருவி. டாக், எண்களை மின் அலையாக மாற்றுகிறது. மூன்றையும் ஒரே பெட்டியில் அடைத்தும் விற்கிறார்கள், தனித்தனியாகவும் விற்கிறார்கள். உங்களிடம் டாக் இருக்கிறது. அதனால் உங்களுக்குத் தேவை முதல் இரண்டு மட்டுமே. டாக்கும் சேர்ந்த பெட்டியை வாங்கினால், இருக்கும் டாக்குக்குக் கொடுத்த பணம் வீண்.

இனி சத்தம். சிடியில் இருப்பது நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். கணக்குப் போட்டால் நொடிக்கு 1,411 கிலோபிட். இதை ஃபிளாக் கோப்பாகச் சுருக்கினால் இடம் ஏறக்குறைய பாதியாகும். விரிக்கும்போது அதே எண்கள் ஒன்று விடாமல் திரும்பி வரும். நெட்வொர்க்கில் போகும் ஒவ்வொரு பொட்டலமும் சரிபார்க்கப்படுகிறது. வழியில் ஒன்று கெட்டால் மறுபடி அனுப்பப்படுகிறது. ஆகவே 15,000 ரூபாய் கணினியிலிருந்து வந்தாலும் 3 லட்ச ரூபாய் பெட்டியிலிருந்து வந்தாலும் டாக்குக்குள் நுழைவது அதே எண்கள்தான். வீணையின் மீட்டில் கூடுதல் நாதத்தைச் சேர்க்க சர்வரால் முடியாது. கடிகாரத் துல்லியம் பற்றிப் பேசுவார்கள். இன்றைய யூஎஸ்பி டாக்குகள் பெரும்பாலும் அசிங்க்ரோனஸ் வகை. வேகத்தை நிர்ணயிப்பது டாக்கின் சொந்தக் கடிகாரம், அனுப்பும் கணினியுடையது அல்ல.

அதற்காக "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. லேப்டாப்பை நேரடியாகச் செருகும்போது கெடக்கூடிய இடங்கள் உண்மையாகவே மூன்று உண்டு. ஒன்று மென்பொருள். விண்டோஸின் பொது மிக்சர் வழியாகப் போனால், அங்கே என்ன சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை மாதிரிகள் என்ற அளவு) வைத்திருக்கிறீர்களோ அதற்கு எல்லாப் பாட்டையும் மாற்றிவிட்டுத்தான் வெளியே அனுப்பும். ஆண்ட்ராய்டும் பொதுவாக 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடும். இரண்டாவது, யூஎஸ்பி கேபிளில் தகவலோடு சேர்ந்து 5 வோல்ட் மின்சாரமும் கிரவுண்டும் போகின்றன. கணினியின் மின்னிரைச்சல் அந்த வழியாக ஆம்ப் வரை போய்ச் சேரலாம். மூன்றாவது, ஃபேன் சத்தம். கேட்கும் அறையில் ஃபேன் உறுமிக்கொண்டிருந்தால் தம்பூராவின் நுணுக்கம் எங்கே கேட்கும்?

இதை நீங்களே சோதிக்கலாம். பாட்டை பாஸில் நிறுத்துங்கள். வழக்கமாகக் கேட்கும் அளவைவிடச் சற்றே கூடுதலாக வால்யூம் வையுங்கள், அதிகம் வேண்டாம். மின்விசிறியை அணைத்துவிட்டு ட்வீட்டருக்கு (ஸ்பீக்கரில் கீச்சொலிகளைத் தரும் சின்ன வட்டு) ஒரு சாண் தூரத்தில் காதை வையுங்கள். சீரான மெல்லிய "ஸ்ஸ்" மட்டும் கேட்டால் அது ஆம்பின் இயல்பு, கவலையில்லை. வீட்டில் ஒருவரை லேப்டாப்பின் மவுஸை அசைக்கச் சொல்லுங்கள், ஒரு பெரிய ஃபோல்டரைத் திறக்கச் சொல்லுங்கள். அப்போது "கிர்ர்", "டிக் டிக்" என்று ஏதாவது மாறினால் கணினியின் இரைச்சல் உள்ளே வருகிறது. பிறகு லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அதையே திரும்பச் செய்யுங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் அது கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு கருவிகளின் எர்த் இணைப்புகள் ஒரு சுற்றாகி அதன் வழியே வரும் இரைச்சல். பழைய அடுக்குமாடிகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், அதன் எர்த் சரியாக இருக்காது. லேப்டாப் உடலைத் தொட்டால் சுருக்கென்று இருப்பதும் பெரும்பாலும் இதனால்தான். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்திங்கைச் சரிபார்ப்பதற்கு ஆகும் செலவு, எந்த சர்வரைவிடவும் குறைவு. அதை முதலில் செய்யுங்கள்.

இதிலிருந்தே அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதும் கிடைத்துவிடுகிறது. சர்வரைக் கேட்கும் அறைக்குள் வைக்கவே வேண்டாம். ரூட்டர் இருக்கும் இடத்தில், ஹாலிலோ படுக்கையறையிலோ, அது இருக்கட்டும். அங்கிருந்து கேட்கும் அறைக்கு ஒரு கேட் 6 லேன் கேபிள். டாக்குக்குப் பக்கத்தில் ஃபேன் இல்லாத சின்ன ஸ்ட்ரீமர். ஈத்தர்நெட் போர்ட்டுக்குள் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் இருப்பதால், சாதாரண ஷீல்டு இல்லாத கேபிளைப் போட்டால் இரண்டு அறைகளுக்கும் இடையே நேரடி மின்தொடர்பு இருக்காது. உங்கள் டாக்கில் ஆப்டிகல் உள்ளீடும் ஸ்ட்ரீமரில் ஆப்டிகல் வெளியீடும் இருந்தால் அதன் வழியே கொடுங்கள். கண்ணாடி இழையிலோ பிளாஸ்டிக் இழையிலோ போவது ஒளி மட்டுமே, கிரவுண்ட் பிரச்சினைக்கு இடமே இல்லை. சிடி தரத்துக்கும் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரையிலும் அது போதும். நூற்றுக்கணக்கான ரூபாய்க்குக் கிடைக்கும் நல்ல லேன் கேபிளே போதுமானது. ஆயிரக்கணக்கில் விற்கும் "ஆடியோஃபைல்" லேன் கேபிள் உங்களுக்கு வேண்டாம். வைஃபையில் சிடி தரம் தாராளமாக ஓடும், ஆனால் 9 அங்குலச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்ட வேண்டுமென்றால் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் தளர்ந்துவிடும். கேபிள் இழுக்க வழியிருந்தால் கேபிளே இழுத்துவிடுங்கள்.

இப்போது மென்பொருள். இங்கேதான் நான் அதிகம் பேச விரும்புகிறேன், ஏனென்றால் தமிழ்க் காதுக்கு மியூசிக் சர்வர் ஏமாற்றம் தரும் இடம் இது.

இந்தச் செயலிகள் எல்லாம் "கலைஞர், ஆல்பம், பாட்டு" என்ற மூன்று அடுக்கில் யோசிப்பவை. கச்சேரியை நாம் அப்படித் தேடுவதில்லை. "எம்.டி.ராமநாதன் பாடிய சஹானா", "பாலக்காடு மணி ஐயர் வாசித்த கச்சேரிகள்", "மிஸ்ர சாபுவில் ஏதாவது", "இந்தக் கிருதியை யார் யார் பாடியிருக்கிறார்கள்" என்றுதான் மனம் போகும். ராகம், தாளம், இயற்றியவர், பாடியவர், வயலின், மிருதங்கம் ஆகியவை தனித்தனி டேக்காக (பாட்டுக் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கும் விவரக் குறிப்பு) இருந்தால்தான் இது சாத்தியம். எல்லாவற்றையும் "கலைஞர்" என்ற ஒரே கட்டத்தில் போட்டால் என்ன ஆகும்? மணி ஐயர் என்று தேடினால் பாடிய மதுரை மணி ஐயரும் வருவார், மிருதங்கம் வாசித்த பாலக்காடு மணி ஐயரும் வருவார். கன்னிமாரா நூலகத்தில் புத்தகம் இருந்தும் அட்டவணையில் ஏறாவிட்டால் அது இல்லாததற்குச் சமம். 600 சிடியும் அப்படித்தான்.

எழுத்துக்கூட்டல் அடுத்த தொல்லை. எந்த இணையத் தரவுத்தளத்திலிருந்தாவது பெயர்களை இறக்கினால், இளையராஜா ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக வந்து சேர்வார். பட்டியலில் அவர் மூன்று நான்கு ஆட்களாக நிற்பார், பாட்டுகள் சிதறிப் போகும். தோடி ஓர் இடத்தில் தோடி, இன்னோர் இடத்தில் ஹனுமத்தோடி. கல்யாணிக்கு மேசகல்யாணி. சங்கராபரணத்துக்கு தீரசங்கராபரணம். ஒரே வடிவத்தை முடிவு செய்து எல்லாக் கோப்புகளிலும் அதையே போடுங்கள். என் பரிந்துரை, பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே போடுங்கள். ஃபிளாக்கின் டேக்குகள் யூனிகோடைத் தாங்குகின்றன. தமிழில் "தோடி" என்று எழுத ஒரே வழிதான் இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் ஃபோனில் தமிழில் தட்டியோ பேசியோ தேடவும் வசதி. ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். சில ஸ்ட்ரீமர்களின் முகப்புத் திரையில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும். ஃபோன் செயலியில் சரியாக வந்தால் போதும் என்பது என் கருத்து. கடைக்குப் போகும்போது தமிழ் டேக் போட்ட பத்துப் பாட்டை பென்டிரைவில் எடுத்துப் போய்ப் பார்த்துவிடுங்கள்.

திரையிசைக்கு வேறு சிக்கல். ஒரு படத்தில் ஐந்து பாட்டு, ஏழு பாடகர்கள். "ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்" டேக் காலியாக இருந்தால் ஒரே படம் ஏழு ஆல்பமாக உடைந்து நிற்கும். அந்தக் கட்டத்தில் இசையமைப்பாளர் பெயரைப் போடுங்கள், "கலைஞர்" கட்டத்தில் பாடியவர்களைப் போடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் என்றால் காற்புள்ளி போட்டு ஒரே பெயராக எழுதாமல், தனித்தனி மதிப்புகளாகக் கொடுங்கள். ஃபிளாக்கில் அதற்கு இடமிருக்கிறது. விஸ்வநாதன்-ராமமூர்த்தி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இருவரும் 1965-ல் பிரிந்தார்கள். "விஸ்வநாதன்-ராமமூர்த்தி" என்று ஒரே பெயராகப் போட்டால், எம்.எஸ்.வி.யைத் திறக்கும்போது அதற்கு முந்தைய பாட்டு ஒன்றும் வராது. இருவரையும் தனித்தனியாகப் போட்டால் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கும். பாடலாசிரியருக்கும் ஒரு டேக் வையுங்கள். கண்ணதாசனையோ வாலியையோ மட்டும் ஒரு மாலை முழுக்கக் கேட்கலாம். இந்த வசதியை எந்த ஸ்ட்ரீமிங் சேவையும் நமக்கு ஒழுங்காகத் தரவில்லை. பழைய சிடிக்களில் ஒரே தட்டில் இரண்டு மூன்று படங்கள் இருக்கும். ரிப் செய்ததும் (சிடியைக் கணினிக் கோப்புகளாக எடுத்ததும்) படவாரியாகப் பிரித்துவிடுங்கள். இந்த வேலைகளுக்கு எம்பி3டேக் என்ற மென்பொருள் மிகவும் உதவும். நூறு கோப்புகளை ஒரே மூச்சில் திருத்தலாம்.

சரி, எந்த சர்வர் மென்பொருள்? ரூன் அழகானது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆல்பத்தைத் திறந்தால் கலைஞர் வரலாறு, தொடர்புகள் என்று ஒரு பத்திரிகை போல விரியும். 2023-ல் அந்த நிறுவனத்தை ஹார்மன் வாங்கியது. ஆனால் ரூனின் பலத்தில் பாதி, டைடல், கோபஸ் ஆகிய ஸ்ட்ரீமிங் சேவைகளோடு அது ஒட்டி வேலை செய்வதில் இருக்கிறது. இந்த இரண்டும் இந்தியாவில் அதிகாரப்பூர்வமாகக் கிடைப்பதில்லை. மீதிப் பாதி அதன் தகவல் களஞ்சியம். மேற்கத்திய இசைக்கு அது செழுமை, நம் கச்சேரிகளுக்கு வறட்சி. ஆயுள் சந்தா 830 டாலர் அளவில் ஆகிறது. கர்நாடக சங்கீதமும் தமிழ்த் திரையிசையும் மட்டுமே கேட்கும் ஒருவர் சென்னையில் அந்தப் பணத்தைக் கொடுப்பது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. ஜாஸும் மேற்கத்திய சாஸ்திரீய இசையும் உங்கள் தொகுப்பில் பெரும்பங்கு என்றால் வேறு பேச்சு.

உங்களுக்கு நான் சொல்வது லிரியன் மியூசிக் சர்வர். இது புதிதல்ல. 2000-ல் தொடங்கிய ஸ்லிம் டிவைசஸ் நிறுவனத்தின் மென்பொருள் இது. 2006-ல் லாஜிடெக் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2012-ல் இந்த மென்பொருளோடு வேலை செய்த ஸ்க்வீஸ்பாக்ஸ் ஸ்ட்ரீமர்களை நிறுத்தியது. மென்பொருள் திறந்த மூலமாக இருந்ததால் சாகவில்லை. பயனாளர்களே எடுத்து வளர்த்தார்கள், 2024-ல் லிரியன் என்று பெயர் மாற்றினார்கள். காசு கிடையாது. விண்டோஸ், லினக்ஸ், மேக், ராஸ்பெர்ரி பை, நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் இணைக்கும் டிஸ்க் பெட்டி) எல்லாவற்றிலும் ஓடும். மெட்டீரியல் ஸ்கின் என்ற பிளக்கினை (துணை மென்பொருள்) போட்டால் ஃபோனில் பார்க்க நன்றாக இருக்கும். பிளக்கின்கள் வழியே ஏர்பிளே, குரோம்காஸ்ட் கருவிகளுக்கும் பாட்டு அனுப்பும். கருவி செய்த நிறுவனம் கைவிட்ட பிறகும் ஒரு மென்பொருள் இத்தனை ஆண்டு ஓடுகிறது என்பதே எனக்குப் பெரிய நம்பிக்கை. லட்சங்கள் கொடுத்து வாங்கும் பெட்டியின் செயலி பத்தாண்டு கழித்து இருக்குமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ராகம், தாளம் என்று நாமே டேக் பெயர் வைத்து அதன் வழியே உலாவ விரும்பினால் மினிம்சர்வரையும் பாருங்கள். யூபிஎன்பி (வெவ்வேறு நிறுவனக் கருவிகள் நெட்வொர்க்கில் பேசிக்கொள்ளும் பொது முறை) முறையில் வேலை செய்வது. எந்த டேக்கை அட்டவணையில் ஏற்ற வேண்டும் என்று அமைப்பில் ஒரு வரி எழுதினால் ராகம் ஒரு தனி வகையாகவே வந்து நிற்கும். மேற்கத்திய சாஸ்திரீய இசைக்காரர்கள் இதை விரும்புவதற்கு என்ன காரணமோ அதே காரணம் நமக்கும் பொருந்தும். லிரியனிலேயே இருக்க விரும்பினால் எளிய வழி உண்டு: "ஜானர்" கட்டத்தில் ராகத்தின் பெயரைப் போட்டுவிடுங்கள். "கர்நாடக சங்கீதம்" என்று நாலாயிரம் பாட்டுக்கும் ஒரே ஜானர் போடுவதால் ஒரு பயனும் இல்லை, ஆனால் ஜானர் பட்டியலைத் திறந்ததும் ஆனந்தபைரவி, ஆபோகி, ஆரபி என்று வரிசையாக நின்றால் அதன் சுகமே தனி.

இடைவெளியில்லாமல் ஓடுவதையும் சோதிக்க மறக்காதீர்கள். கச்சேரிச் சிடியில் ஆலாபனை ஒரு டிராக், கிருதி அடுத்தது, தனி ஆவர்த்தனம் அதற்கடுத்தது என்று வெட்டியிருப்பார்கள். ராகம் தானம் பல்லவியில் தானத்துக்கும் பல்லவிக்கும் நடுவே அரை விநாடி தம்பூரா அறுந்து மறுபடி தொடங்கினால் மனம் கலைந்துவிடும். லிரியனோடு அதன் சொந்த முறையில் பேசும் ஸ்ட்ரீமர்களில் இந்தத் தொல்லை இல்லை. யூபிஎன்பியில் மட்டும் இது ஸ்ட்ரீமரைப் பொறுத்தது. சிலவற்றில் சரியாக இருக்கும், சிலவற்றில் இருக்காது. கேட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

இப்போது பெட்டி. 600 சிடிக்களை ஃபிளாக்கில் வைக்க, ஒன்றுக்கு 350 எம்பி என்று வைத்தால் 210 ஜிபி ஆகிறது. கச்சேரிப் பதிவுகளையும் சேர்த்து 1 டிபி எஸ்எஸ்டி தாராளம். இந்த வேலைக்கு வேகமான கணினி வேண்டாம். ரிச்சி தெருவில் அலுவலகங்களிலிருந்து வரும் பழைய மினி பிசிக்கள் கிடைக்கும். டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி என்ற வகைகள். கையடக்கமானவை. 8 ஜிபி ரேம் இருந்தால் போதும். வாங்கும்போது கடையிலேயே ஓடவிட்டு ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள், பயாஸில் (கணினி ஆன் ஆகும்போது வரும் அடிப்படை அமைப்பு) "மின்சாரம் வந்ததும் தானே ஆன் ஆகு" என்ற வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊரில் அது கட்டாயம் வேண்டும். ரூன் வைக்க ஆசைப்பட்டு இன்டெல் நக் என்ற மினி பிசியைத் தேடுபவர்களுக்கு ஒரு தகவல்: 2023-ல் இன்டெல் அதை நிறுத்தி ஏசஸிடம் ஒப்படைத்துவிட்டது.

ஸ்ட்ரீமர் இடத்துக்கு ராஸ்பெர்ரி பை 4 மிகப் பொருத்தம். அதில் பிகோர்பிளேயர் என்ற மென்பொருளைப் போடுங்கள். இதைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பை கருவிகளைக் கொல்வது பெரும்பாலும் கரண்ட் கட். எஸ்டி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கார்டு கெட்டு, மறுநாள் கருவி எழவே எழாது. பிகோர்பிளேயர் தொடங்கியதும் முழுவதும் ரேமுக்குள் ஏறிவிடுகிறது, கார்டைத் தொடுவதில்லை. சுவிட்சைப் பட்டென்று அணைத்தாலும் ஒன்றும் ஆகாது. கேபிள், கார்டு என்று நோண்ட விருப்பமில்லாதவர்கள் டாக்கில் ஆப்டிகல் உள்ளீடு இருந்தால் வீம் ப்ரோ போன்ற ஆயத்த ஸ்ட்ரீமரை வாங்கிக்கொள்ளலாம், அதுவும் லிரியனோடு பேசும்.

சர்வரை எங்கே வைப்பது என்பதில் சென்னைக்கென்று சில விதிகள் உண்டு. பரணில் வைக்காதீர்கள். கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரண் அதைவிட மோசம். கதவு மூடிய மர அலமாரியும் அப்படியே. கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பதால் உங்களுக்கு உப்புக்காற்றும் உண்டு. ஃபேன் வைத்த கணினி அந்த ஈரத்தையும் தூசியையும் உள்ளே இழுத்துப் பலகையில் படிய வைக்கும். ஆகவே ஃபேன் இல்லாத பெட்டி கிடைத்தால் நல்லது. ஆனால் ஃபேன் இல்லாததைக் காற்றோட்டமில்லாத இடத்தில் வைத்தால் வெப்பம் அடைபடும். திறந்த அலமாரித் தட்டு, தரையிலிருந்து இடுப்பு உயரம், ஜன்னலுக்கு நேரே இல்லாத சுவர்: இதுதான் சரியான இடம். சில மாதங்களுக்கு ஒருமுறை யூஎஸ்பி, லேன், ஆர்சிஏ பிளக்குகளைக் கழற்றி மறுபடி செருகுங்கள். தொடும் இடத்தில் படியும் களிம்பு உராய்ந்து போகும். பெசன்ட் நகர், திருவான்மியூர் வீடுகளில் "ஒரு பக்கம் சத்தம் விட்டு விட்டு வருகிறது" என்ற புகார் பல முறை இதோடு தீர்ந்திருக்கிறது.

மின்சாரத்துக்கு சர்வர், ரூட்டர் இரண்டையும் சேர்த்து ஒரு 600 விஏ யூபிஎஸ். இவை மொத்தமாக எடுப்பது சில பத்து வாட்ஸ்தான், அதனால் நன்றாகத் தாங்கும். யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி கேபிளை சர்வரில் செருகி, பேட்டரி தீரும் முன் தானாக அணையும்படி அமைத்துவிடுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் "யூபிஎஸ் மோட்" சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். சாதாரண மோடில் மாறும் நேரம் அதிகம். கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும். இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகை என்றால் அதில் ஆம்பை ஓட்டாதீர்கள், டிரான்ஸ்ஃபார்மர் உறுமும்.

பிறகு பேக்கப். ரெய்டு (ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் சேர்த்து எழுதும் முறை) போட்ட நாஸ் வைத்திருப்பவர்கள் அதையே பேக்கப் என்று நினைக்கிறார்கள். ஒரு டிஸ்க் கெட்டால் ரெய்டு காப்பாற்றும். தவறுதலாக அழித்தாலோ, மின்னல் தாக்கினாலோ, தண்ணீர் புகுந்தாலோ இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தே போகும். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் தரைத்தள வீடுகளில் என்ன நடந்தது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சர்வரில் ஒரு பிரதி, வீட்டில் தனியாக ஒரு யூஎஸ்பி டிஸ்க்கில் ஒன்று, வேறு பகுதியில் இருக்கும் உறவினர் வீட்டில் இன்னொன்று. மூன்றாவதை பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது மாற்றிக்கொள்ளலாம்.

அந்த 3 லட்ச ரூபாய்ப் பெட்டிகள் யாருக்கு? தென்கொரியாவின் ஆரெண்டர், போர்ச்சுகலின் இன்னுவோஸ், இங்கிலாந்தின் நெய்ம் ஆகியோர் செய்பவை உழைப்பும் கவனமும் கொண்ட பொருட்கள். மின்பகுதி தூய்மையாக இருக்கும், சத்தம் இருக்காது, பெட்டியின் வேலைப்பாடு பார்க்கவே அழகு. கணினி என்ற சொல்லே வீட்டுக்குள் வேண்டாம், ரிமோட்டைப் போல ஒன்று போதும், பணம் பொருட்டில்லை என்பவர்களுக்கு அவை நல்ல தேர்வு. அப்படி வாங்குவதாக இருந்தால் விற்பவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். நான் திருத்தும் டேக் கோப்புக்குள்ளேயே எழுதப்படுகிறதா, அல்லது உங்கள் பெட்டியின் தரவுத்தளத்தில் மட்டும் இருக்குமா? பெட்டி பழுதானால் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் செருகினால் பாட்டுகள் திறக்குமா? இரண்டுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். சிடியை உள்ளே போட்டால் தானே ரிப் செய்து பெயர் போட்டுவிடும் என்பதைப் பெரிதாகச் சொல்வார்கள். நம் சிடிக்களுக்கு இணையத்திலிருந்து வரும் பெயர்கள் பாதி தவறாகவோ காலியாகவோ இருக்கும், உட்கார்ந்து திருத்தும் வேலை எப்படியும் உங்களுடையதுதான்.

ரிப் செய்வதற்கு ஒரு யூஎஸ்பி டிவிடி டிரைவ், விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காபி அல்லது டிபிபவர்ஆம்ப், மேக்கில் எக்ஸ்எல்டி. இவை எடுத்த எண்களை அக்யுரேட்ரிப் என்ற தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, மற்றவர்கள் எடுத்ததும் இதுவும் ஒன்றா என்று சொல்லும். சென்னையில் வெளியான பல சிடிக்கள் அதில் இருக்காது, அதனால் பயப்பட வேண்டாம். "டெஸ்ட் அண்ட் காபி" முறையில் இரண்டு முறை படிக்கவைத்து இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால் நம்பலாம்.

ஸ்ட்ரீமிங் சேவை பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆப்பிள் மியூசிக்கில் 2021 முதல் தனிக் கட்டணம் இல்லாமல் லாஸ்லெஸ் (ஃபிளாக் போலத் தரம் இழக்காத வடிவம்) கிடைக்கிறது, தமிழும் ஏராளம். ஆனால் அதை லிரியனுக்குள்ளோ ரூனுக்குள்ளோ கொண்டுவர வழியில்லை. ஐஃபோனையோ மேக்கையோ நேராக டாக்கில் செருகிக் கேட்பதே சிறந்தது. மேக்கில் பாட்டுக்குப் பாட்டு சாம்பிள் ரேட் தானாக மாறாது, ஆடியோ மிடி செட்டப் என்ற செயலியில் நாம்தான் மாற்ற வேண்டும். ஏர்பிளே வழியே அனுப்பினால் ஹை-ரெஸ் (சிடியைவிட உயர்ந்த தரம்) போகாது. புதுப் பாட்டு கேட்க இது போதும். பழைய சிடியையும் அதே பாட்டின் ஸ்ட்ரீமிங் பதிப்பையும் ஒரு முறை ஒப்பிட்டுக் கேளுங்கள். மறுபதிப்பில் சத்தத்தை ஏற்றி நசுக்கியிருப்பதைப் பல படங்களில் காணலாம், உங்கள் 600 சிடியை விற்றுவிடாதீர்கள் என்று சொல்வதற்கு அதுவே காரணம்.

கடைசியாகக் கேசட்டுகள். சிடிக்கள் இன்னும் சில ஆண்டு காத்திருக்கும், டேப் காத்திருக்காது. நம் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும். அதனால் ரிப் வேலையை அவற்றிலிருந்தே தொடங்குங்கள். பழுது பார்த்த நல்ல டெக், ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, கீச்சொலிகள் மிகத் தெளிவாகக் கேட்கும்வரை அசிமத் திருகைச் (ஹெட்டின் சாய்வை மாற்றும் திருகு) சரிசெய்து, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யுங்கள். இரைச்சலை நீக்கும் மென்பொருளைப் பிரதியில் மட்டும் பயன்படுத்துங்கள்; மூலப் பதிவை அப்படியே வைத்திருங்கள். அட்டையில் அப்பா கைப்பட எழுதியிருக்கும் தேதி, சபா, பக்கவாத்தியக்காரர் பெயர்கள் எல்லாவற்றையும் டேக்கில் ஏற்றுங்கள். அட்டையையும் ஃபோனில் படம் எடுத்து ஆல்பம் படமாக அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள்.